தசைச் சீரமைப்பில் வளர்ச்சிக் காரணிகள்

செல்களைப் பெருகவும் முதிரவும் தூண்டும் புரதங்கள் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும். இவற்றின் கண்டுபிடிப்புக்காக ரீட்டா லெவி-மொண்டால்சினி, ஸ்டான்லி கோஹன் இருவரும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர்.

தசையிழைகளின் ஓரத்தில் உறங்கும் துணைச்செல்களை அலெக்சாண்டர் மௌரோ 1961இல் தவளைத் தசையில் கண்டார். தசை கிழிந்ததும் எச்.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணி அவற்றை எழுப்புகிறது, எஃப்.ஜி.எஃப்.-2 என்னும் காரணி பெருக்குகிறது. ஐ.ஜி.எஃப்.-1 என்னும் காரணி பெருக்கத்துக்கும், பின் அவை இணைந்து புதிய இழையாவதற்கும் உதவுகிறது. ஐ.ஜி.எஃப்.-1இன் ஒரு பகுதியை, அழற்சியின்போது சிதைவை அகற்ற வரும் பெருவிழுங்கிச் செல்களே சுரக்கின்றன என்பது வியப்புக்குரியது. அதனால் அழற்சியை முற்றிலும் எதிரியாக எண்ணக் கூடாது. ஆனால் டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் காரணி அளவு மீறினால் தசைக்குப் பதில் தழும்பு உருவாகும்.

தசைத் தண்டுசெல்களான இத்துணைச்செல்களின் உறக்கநிலையை ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்திலும், பெங்களூரின் இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனத்திலும் உயிரியலாளர் ஜோத்ஸ்னா தவன் ஆராய்ந்துள்ளார்.

நோயாளியின் இரத்தத்திலிருந்தே பிரிக்கும் பி.ஆர்.பி. (பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா) ஊசியில் வளர்ச்சிக் காரணிகள் செறிந்துள்ளன. ஆயினும் பின்தொடைத் தசை கிழிந்த 80 விளையாட்டு வீரர்களிடம் நெதர்லாந்தில் நடந்து, 2014இல் வெளியான ஆய்வில் அது குணமாவதை விரைவுபடுத்தவில்லை. ஐ.ஜி.எஃப்.-1 ஊசியை உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை தடைசெய்துள்ளது. மருத்துவர் பரிந்துரையின்றி இதை யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது.