தராசும் செவிலியும்

அறுபதுகளில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழ, பூந்தமல்லி வரை பெருகிய குடும்பங்களில், கொழுகொழுவென்ற குழந்தையே ஆரோக்கியத்தின் லட்சணமென்று பாட்டிமார் நம்பினர். பால்மாவு விளம்பரங்களும் அதற்குத் தூபம் போட்டன.

1980-இல் உலக வங்கியின் உதவியோடு தமிழகத்தில் ஆரம்பமான ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதக் குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு, மாதந்தோறும் அட்டையில் புள்ளியிட்ட பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் தேடியது மெலிவை மட்டுமே. பசியே அக்காலப் பெரும்பிணியாதலின், அவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளையே ஆதாரமாகக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட புதிய அளவுகோலை இந்தியாவும் ஏற்றபின், உயரத்துக்கு மிஞ்சிய எடையும் செவிலியரின் விசாரணைக்கு உரியதாயிற்று.

தாய்மார்களே, எடை பார்க்கும்போது உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.