புதுச்சேரி எல்லைக் கடத்தல்

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கும் அதைச் சூழ்ந்த தென்னார்க்காடு மாவட்டத்துக்கும் இடையே நடந்த கள்ள வணிகம். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உச்சத்தில் இருந்தது. பின்னர் மதுவோடு ஒட்டிக்கொண்டது. அதன் இடத்தைப் பெருமளவு சுற்றுலா பிடித்தது.

நிலத்தின் அமைப்பே இதற்கு வசதி செய்தது. ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. தமிழக ஊர்களுக்கிடையே திட்டுத்திட்டாகச் சிதறிக் கிடக்கிறது. வரப்பைத் தாண்டினால் அரசு மாறும், வரி மாறும். 1908இல் பாரதியாருக்கும் 1910இல் அரவிந்தருக்கும் அடைக்கலம் கிடைத்ததும் இந்த எல்லையால்தான்.

பிரெஞ்சு ஆட்சி பிரிட்டிஷ் இந்தியாவோடு 1941இல் செய்துகொண்ட சுங்க உடன்பாட்டை 1949இல் இந்திய அரசு முடித்துக்கொண்டது. அதன்பின் தங்கம், வைரம், கைக்கடிகாரம் எல்லாம் துறைமுகத்தில் சட்டப்படி இறங்கி, இருட்டியபின் சட்டத்தை மீறி எல்லை கடந்தன. இந்தியச் சுங்கக் கெடுபிடி கூடியது. அதில் கடத்தல்காரரைவிட அன்றாடம் வயலுக்கும் சந்தைக்கும் போய்வந்தவர்களே அதிகம் அவதிப்பட்டிருப்பார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. தங்கக் கடத்தலுக்கு இருந்த ஆதாயமும் அதோடு போயிற்று.

மதுவின் கதை அப்படி முடியவில்லை. சென்னை மாகாணம் முழுவதும் 1948இல் மதுவிலக்கு வந்ததால் புதுச்சேரிச் சரக்குக்கு அக்கம்பக்கத்தில் கிராக்கி இருந்தது. 1971இல் விலக்கு தளர்ந்தபின்னும், பின்னாளில் தமிழக அரசின் டாஸ்மாக் மதுக்கடைகள் பெருகியபின்னும், குறைந்த வரியால் விலை வேறுபாடு நீடித்தது. முன்பு சரக்கு வெளியே போனது. இப்போது குடிப்பவர்கள் உள்ளே வருகிறார்கள். வார இறுதிக் கூட்டத்தை வெள்ளையர் நகரத்துக் கட்டடங்களும் அரவிந்தர் ஆசிரமமும் 1968இல் தொடங்கிய ஆரோவில்லும் மட்டுமே இழுக்கின்றன என்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்வதை முழுதாக ஏற்க முடியாது.

 

கொரோனா ஊரடங்கின்போது, 2020 மே மாதம், புதுச்சேரி அரசு சிறப்பு வரி விதித்து மது விலையைத் தமிழகத்துக்கு இணையாக உயர்த்தியது. வெளியூர்க் கூட்டத்தைத் தடுப்பதே நோக்கம். அந்த வரி பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது.