வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற கலைகள்

ஆங்கிலமும் கணிதமும் கற்கும் பிள்ளைக்குத் தமிழ் எதற்கு என நம் சங்கத்தாருட் சிலர் நம்மை வினவுகின்றனர். அவர்பொருட்டு ஒரு பழங்கழகத்தின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தனம்.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823-ஆம் ஆண்டில் ஒரு செமினரி நிறுவினர். டானியல் பூவர் என்னும் பாதிரியார் அதன் முதல் தலைவர். அங்கே கிறிஸ்து வேதமே முதன்மை பெற்றதென்பதை மறைத்தற்கில்லை. ஆயினும் அவ்வளவில் அமையாது, ஆங்கிலம், க்ஷேத்திரகணிதம், பீஜகணிதம், வானசாஸ்திரம், தர்க்கம் என்பனவும், அவற்றோடு ஒருங்கே தமிழும் வடமொழியும் பயிற்றப்பட்டன. பின்னர்த் தலைமை பூண்ட ஹொய்சிங்டன் வானநூலில் வல்லவர். சிவஞானபோதம் முதலிய சைவசித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. தம் சமயம் பரப்ப வந்தவர் நம் சாஸ்திரத்தைக் கற்கப் புகுந்தமை வியப்பன்றோ!

நிற்க. 1855-இல் அச்செமினரி மூடப்பட்டது. ஆங்கிலங் கற்றோர் மிஷன் ஊழியத்தை விடுத்து உத்தியோகத்தை நாடினர் என்பது மேலிடத்தார் கண்ட குறைகளுள் ஒன்று. அக்குறை மெய்யே எனினும், அதுகொண்டு கல்வியையே நிறுத்தியது நமக்கு உடன்பாடன்று.

1857-இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பி.ஏ. பரீட்சையில் தேறிய இருவரும் இக்கழகத்திற் பயின்றவரே. ஒருவர் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. ஏட்டளவில் நின்று செல்லரித்துக்கொண்டிருந்த வீரசோழியத்தை 1881-லும், கலித்தொகையை 1887-லும் அச்சேற்றியவர் இத் தாமோதரம்பிள்ளையே.