ராகு கிண்ணம்

சென்ற முறை அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தபோது, பேத்தியோடு ஒரு மண்பாண்டப் பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். ஆளுக்கொரு கிண்ணம் செய்தோம். அவை சூளையில் செக்கச்செவேலென்று கனிந்ததும் நீண்ட இடுக்கியால் எடுத்து, மரத்தூள் நிரம்பிய டப்பாவில் போட்டு மூடினார்கள். குபீரென்று தீ, பிறகு ஒரே புகை. இதற்கு ‘ராகு’ என்று பெயர். நவக்கிரக ராகு இல்லை. ஜப்பானிய மொழியில் இன்பம், நிம்மதி என்று பொருள்.

வீடு திரும்பியதும் இதன் கதையைத் தேடிப் படித்தேன்.

16-ஆம் நூற்றாண்டில் கியோட்டோ நகரில் சோஜிரோ என்பவர் கூரை ஓடு செய்துவந்தார். தேநீர்ச் சடங்கின் பெரும் ஆசானான சென் நோ ரிக்யூ (1522–1591), ஆடம்பரமில்லாத கிண்ணம் வேண்டுமென்று அவரிடம் கேட்டார். சோஜிரோ சக்கரத்தைத் தொடாமல், கையாலேயே பிடித்து, கறுப்பிலும் மங்கிய சிவப்பிலும் கிண்ணங்கள் செய்தார். கறுப்புக் கிண்ணத்தைச் சூடு தணியுமுன்பே சூளையிலிருந்து வெளியே எடுத்துவிடுவார்கள். ‘ராகு’ பின்னர் அந்தக் குடும்பத்தின் பெயராகவே ஆகிவிட்டது. இன்று 16-ஆம் தலைமுறை அத்தொழிலைச் செய்கிறது.

1911-இல் டோக்கியோவில் ஒரு விருந்துக்குப் போன ஆங்கிலேய ஓவியர் பெர்னார்ட் லீச், தான் வண்ணம் தீட்டிய பாத்திரம் கண்ணெதிரே வெந்து வந்ததைப் பார்த்து மண்பாண்டக் கலைக்கே மாறிவிட்டார். அவர் 1940-இல் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, 1960-இல் கலிஃபோர்னியாவில் பால் சோல்ட்னர் அதே முறையை முயன்றார். வந்தது பிடிக்கவில்லை. சூடான பாத்திரத்தை உதிர்ந்த இலைகளில் போட்டுப் பார்த்தார். புகை படிந்து அழகு கூடியது!

புகையின் கரி மெருகின் நுண்வெடிப்புகளில் ஏறிக் கருங்கோடுகளாகிறது. மெருகில்லாத இடம் முழுக்கக் கறுக்கிறது. இன்று உலகெங்கும் ராகு என்றால் இந்தப் புகைதான். கியோட்டோக் கிண்ணத்துக்கு மரத்தூளும் கிடையாது, பளபளக்கும் நிறங்களும் கிடையாது. அதன் அழகு அடக்கத்தில். இதன் அழகு எதிர்பாராததில். ஆனால் இரண்டிலும் குயவர் ஓரளவுக்கு மேல் தீயிடம் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு பைசா கணக்கு இடித்தாலும் வங்கியை விட்டு எழுந்திருக்காதவன் நான். டப்பாவைத் திறந்தபோது பேத்தியின் கிண்ணம் முழுசாக வந்தது. என்னுடையதில் விளிம்பிலிருந்து பாதிவரை விரிசல். போட்டுவிடலாம் என்றேன். “தாத்தா, அந்தக் கோடுதான் நல்லா இருக்கு” என்றாள்.

அதில் தண்ணீர் நிற்காது. சில்லறை போட்டு வைத்திருக்கிறேன். எவ்வளவு இருக்கிறதென்று இதுவரை எண்ணிப் பார்க்கவில்லை.