தானே எண் அழைத்த கணினிகள்

நம் நாட்டின் இணைய வரலாற்றை எழுதுவோர் 1992-இல் மைமோஸ் தொடங்கிய ஜாரிங்கையும் 1996-இல் வந்த டிஎம்நெட்டையும் தவறாமல் குறிப்பிடுவர். அக்காலத் தொலைபேசிக் கட்டண ரசீதுகளைப் பற்றி எழுதுவோர் குறைவு. மோடம் 1515-ஐ அழைத்துக் கீச்சிட்ட கணத்திலிருந்தே நிமிடக் கணக்கு ஓடத் தொடங்கும். கம்போங் ராஜாவில் நான் அறிந்த தோட்டக் குடும்பங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளுக்குக் கணினி வாங்கின. யாரும் தொடாத வேளையில் இணைப்பு ஏற்பட்டு ரசீது கூடினால், வீட்டில் முதலில் ஐயத்துக்கு ஆளானது பிள்ளைதான்.

உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறு. 1999-இல் வெளியான விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு, ஒரே மோடத்தை வீட்டிலுள்ள பல கணினிகள் பகிர்ந்துகொள்ள வழி செய்தது. மோடம் உள்ள கணினி 192.168.0.1 என்ற முகவரியுடன் வாயிற்காவலனாக நிற்கும். மற்றொரு கணினி ஏதேனும் ஒரு பெயரின் முகவரியைக் கேட்டால் போதும், காவலன் உடனே எண்ணை அழைத்துவிடுவான். கேட்டவர் மனிதரா மென்பொருளா என்று அவனுக்குத் தெரியாது. வைரஸ் தடுப்பி புதுப்பிப்பைத் தேடும். மின்னஞ்சல் மென்பொருள் அரைமணிக்கொரு முறை எட்டிப் பார்க்கும். பக்கத்து அறைக் கணினியின் பெயரைத் தேடிய விண்டோஸின் வினவல்கூட வழிதவறி வெளியே போனதுண்டு.

வஞ்சகமும் இருந்தது. 1997-இல் அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கு பெற்றோர் அறிய வேண்டியது. படம் பார்க்க உதவும் என்று இறக்கப்பட்ட ஒரு மென்பொருள், மோடத்தின் ஒலியை அடக்கி, உள்ளூர் இணைப்பைத் துண்டித்து, மால்டோவா நாட்டு எண்ணை அழைத்தது. அந்தத் தளத்தை விட்டு வெளியேறினாலும் அழைப்பு நீடித்தது. 38,000-க்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 27 லட்சம் டாலர் திருப்பித் தரப்பட்டது.

இணைய அமைப்புகளில் 'ஒருபோதும் அழைக்காதே' என்பதைத் தேர்வது, 2001-இல் வந்த எக்ஸ்பியில் 'பிற கணினி இணையத்தை நாடும்போது இணைப்பை ஏற்படுத்து' என்ற குறியை நீக்குவது ஆகியவை முறையான தீர்வுகள். அவ்வாண்டே ஸ்ட்ரீமிக்ஸ் அகலக்கற்றையும் அறிமுகமானது. அது எட்டாத மலையூர் வீடுகளில் இன்னொரு முறைதான் வழக்கில் இருந்தது: படுக்கப் போகுமுன் மோடத்தின் தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துவிடுவார்கள்.