இருட்டறையிலிருந்து இங்க்ஜெட் வரை: புகைப்பட அச்சின் கதை

வெளிச்சம் பட்ட காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருவம் பதிந்திருக்கிறது, அதை மருந்தால் வெளிக்கொண்டுவரலாம் என்பதை இங்கிலாந்தின் லேக்காக் ஊரில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட் 1840 செப்டம்பரில் கண்டறிந்தார். மறு ஆண்டே காலோடைப் என்ற பெயரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதே காலத்தில் பிரான்சில் புகழ்பெற்றிருந்த டாகுரோடைப் முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகடே படம். ஒரு தகடு, ஒரு படம், அதோடு சரி. டால்போட்டின் முறையில் முதலில் கிடைப்பது நெகடிவ். வெளிச்சமும் இருளும் இடம் மாறிய அந்தத் தாளைக் கொண்டு எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு பிரதிக்கும் புதிதாகக் காகிதம் வேண்டும், வெளிச்சம் காட்ட வேண்டும், கழுவ வேண்டும். அதைப் படம் எடுத்தவரே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. அச்சிடும் முறை படத்தை மாற்றுமா, மாற்றுமென்றால் எவ்வளவு என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

இன்று மரபு முறை என்று சொல்லப்படும் இருட்டறை அச்சு முதலில் வந்த முறை அல்ல. தொடக்கத்தில் அச்சிட்டது வெயில்தான். நெகடிவையும் வெள்ளி உப்பு பூசிய காகிதத்தையும் கண்ணாடிச் சட்டத்தில் சேர்த்து வெயிலில் வைப்பார்கள். உருவம் கண்ணெதிரே மெல்லக் கருத்துவரும். போதும் என்று தோன்றும்போது எடுத்து, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ மருந்தில் போடுவார்கள். வெள்ளி உப்பை ஹைப்போ கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டிருந்தார். இருபது ஆண்டு கழித்து அது புகைப்படத்துக்குப் பயன்பட்டது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் ஹைப்போ என்ற அந்தச் சொல் கடைசிவரை மாறவே இல்லை. 1850இல் பிரான்சின் பிளான்கார்ட் எவ்ரார் முட்டையின் வெள்ளைக்கருவைக் காகிதத்தில் பூசி, வழவழப்பும் கூர்மையும் உள்ள அச்சைக் கொண்டுவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிப் படங்கள் இந்தக் காகிதத்தில்தான் இருக்கின்றன.

மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858இல் திருவரங்கம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை எனச் சுற்றி எடுத்த படங்கள் இந்தக் காலத்தவை. அவருடைய நெகடிவ் மெழுகு ஏற்றிய பெரிய காகிதம். அக்கால மருந்துகளில் நீல ஒளி மிக எளிதில் பதிந்துவிடும். அதனால் வானம் அச்சில் வெறும் வெள்ளையாக நிற்கும். டிரைப் நெகடிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்தார். கோயில் கோபுரத்துக்குப் பின்னால் அவர் படங்களில் மிதக்கும் மேகம் சில இடங்களில் தூரிகையின் வேலை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கியதும் அவரே. கேமரா கண்டதை மட்டுமே பழைய முறை தந்தது, கணினி வந்த பிறகுதான் படத்தில் கைவைத்தார்கள் என்ற பேச்சுக்கு இந்த இரண்டு வேலைகளே போதுமான பதில். அதற்கு முன் பர்மாவில் எடுத்த படங்களை அவர் 120 காட்சிகள் கொண்ட 50 தொகுப்புகளாக அச்சிட்டார்: 6,000 அச்சுகள். மதராஸில் இந்த வேலைக்கு ஆகும் செலவு வீண் ஆடம்பரம் என்று கருதிய ஆளுநர் சார்லஸ் டிரவெல்யன் 1860இல் அதை நிறுத்தினார்.

1871இல் ரிச்சர்ட் மேடக்ஸ் ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து உலர்தகடு செய்யும் வழியைச் சொன்னார். அதே ஜெலட்டின் காகிதத்துக்கும் வந்தது. அப்படி வந்த புரோமைடு காகிதம் மிக வேகமாக ஒளியை வாங்கும். வெயில் தேவையில்லை, விளக்கே போதும். அப்போதுதான் என்லார்ஜர் நடைமுறைக்கு வந்தது, சிறிய நெகடிவிலிருந்து பெரிய அச்சு எடுக்க முடிந்தது, அச்சுவேலை மொட்டைமாடியிலிருந்து சிவப்பு விளக்கு எரியும் அறைக்குள் போனது. இருபதாம் நூற்றாண்டு முழுவதும் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் இந்த அறையில் பிறந்ததுதான்.

அறைக்குள் நடப்பது இது. நெகடிவை என்லார்ஜரில் ஏற்றி, கூர்மை பார்த்து, ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து, பத்து, பதினைந்து விநாடி என்று படிப்படியாக வெளிச்சம் காட்டிச் சோதிப்பார்கள். நேரம் தெரிந்ததும் முழுக் காகிதம். வெளிச்சம் பாயும்போதே கம்பியில் குத்திய அட்டைத் துண்டை முகத்துக்கு நேரே பிடித்து அசைத்தால் முகம் வெளுக்கும். இரு கைகளையும் குவித்து ஓர் இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் விட்டால் அந்த இடம் கருக்கும். அட்டை நின்றுவிட்டால் அதன் நிழல் அச்சில் விழுந்துவிடும் என்பதால் கை ஓயாமல் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு காகிதத்தை டெவலப்பர் தட்டில் நழுவவிட்டு, தட்டின் ஒரு முனையை மெல்லத் தூக்கித் தாழ்த்துவார்கள். சில விநாடிகளில் தலைமுடி, புருவம், கண்மணி எனக் கருமையான இடங்கள் முதலில் மேலெழும். கன்னமும் நெற்றியும் அதன் பின். வெள்ளை வேட்டியின் சுருக்கங்கள் கடைசியில். ஈரத்தில் சரியாகத் தெரியும் அச்சு காய்ந்ததும் சற்று இருண்டுவிடும். அனுபவசாலி அதையும் கணக்கில் வைத்து ஒரு நூலளவு வெளுப்பாகவே எடுப்பார். இத்தனையும் ஒரு பிரதிக்கு. அடுத்த பிரதிக்கு அட்டையும் கையும் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். முந்தையதைப் போலவே அது அமையும் என்ற உறுதி இல்லை.

ஒரே நெகடிவ் எவ்வளவு வேறுபட்ட அச்சுகளைத் தரும் என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸின் ஒரு படத்தை விடச் சிறந்த சான்று இல்லை. நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்துக்கு மேல் நிலவு எழும் காட்சி அது. வெளிச்சமானி கைக்குக் கிடைக்கவில்லை. கிராமத்துக் கல்லறைச் சிலுவைகள் மீது படிந்திருந்த மாலை வெயில் மறைந்துகொண்டிருந்தது. நிலவின் ஒளியளவு நினைவிலிருந்ததால் அதை வைத்துக் கணக்கிட்டு ஒரே ஒரு நெகடிவ் எடுத்தார். எந்த நாளில் எடுத்தார் என்பது அவருக்கே நினைவில்லை. நிலவின் நிலையை வைத்து 1941 நவம்பர் 1 என்று பின்னாளில் கணித்தார்கள். நெகடிவின் கீழ்ப்பகுதி மிக மெலிந்திருந்ததால் 1948இல் அந்தப் பகுதியை மட்டும் மருந்தில் வைத்து அடர்த்தியாக்கினார். தொடக்க கால அச்சுகளில் வானம் சாம்பல் நிறம், மேகக் கீற்றுகளும் தெரியும். பிந்தைய அச்சுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. வாழ்நாளில் அவர் இந்தப் படத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அச்சிட்டிருக்கிறார். நெகடிவை இசைக்குறிப்புக்கும் அச்சைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர் அவர். பியானோ பயின்றவர் சொன்னதால் அந்த உவமை வெறும் அலங்காரம் அல்ல. அவரே மின்னணுப் படமுறை வரப்போகிறது என்று ஆவலோடு எதிர்பார்த்து எழுதியும் இருக்கிறார்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நின்றவர் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன். அவருக்கு இருட்டறையில் நாட்டமில்லை. பாரிசில் பியேர் காஸ்மன் 1950இல் நிறுவிய அச்சகத்தில் வோயா மித்ரோவிச் போன்ற கைதேர்ந்தவர்கள் அவர் படங்களை அச்சிட்டார்கள். அருங்காட்சியகச் சுவரில் தொங்கும் படத்தின் கீழே ஒரு பெயர்தான் இருக்கிறது. அதன் சாம்பல் நிறங்களைத் தேர்ந்த கை இன்னொருவருடையது. செய்முறைக்கு மதிப்பு உண்டு என்றால் அந்தக் கைக்கும் மதிப்பு உண்டு. அது இன்றுவரை போதிய அளவு கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் இந்த இரு வேலையும் பெரும்பாலும் ஒரே குடும்பத்துக்குள் நடந்தது. பின்திரைக்கு முன் நிறுத்திப் படம் எடுப்பவர் ஒருவர். உள்ளறையில் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் தம்பியோ மகனோ. மருந்துக்கு 20 டிகிரி செல்சியஸ் சூடு போதும். சித்திரை வெயிலில் தட்டைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்தால்தான் ஜெலட்டின் இளகாமல் இருக்கும். நெகடிவின் மேல் கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்வது தனிக் கலை. நெகடிவில் பென்சில் பட்ட இடம் ஒளியை மறைக்கும், அச்சில் அந்த இடம் வெளுக்கும். அம்மைத் தழும்பும் கண்ணடிக் கருவளையமும் அப்படித்தான் மறைந்தன. வீட்டில் ஒருவர் இறந்து தனிப்படம் எதுவும் இல்லையென்றால், கல்யாணக் குழுப்படத்தின் நெகடிவைத் தேடி எடுத்து அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கி, பின்னணியை மறைத்து, மாலை போடுவதற்கு ஒரு படம் செய்து கொடுப்பார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் இந்த அறைகளுக்குக் காகிதம் தந்த இடங்களில் ஒன்று ஊட்டி. 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், தூசியற்ற குளிர்ந்த மலைக்காற்றை நம்பி அங்கே அமைந்து, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. எக்ஸ்ரே பிலிமும் கறுப்பு வெள்ளைச் சுருளும் புரோமைடு காகிதமும் ‘இந்து’ என்ற பெயரில் அங்கிருந்து வந்தன. 1996இல் அது நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது.

ஸ்டூடியோ இருட்டறைகளை மூடியது கணினி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான ஊர்களில் அதை முன்பே மூடியது கலர் லேப். வண்ணச் சுருளைக் கழுவும் மருந்துக்குச் சூடு இம்மி பிசகக் கூடாது. அச்சு முழு இருளில் நடக்க வேண்டும். சிறிய ஸ்டூடியோ சுருளைப் பேருந்தில் நகரத்து லேபுக்கு அனுப்பத் தொடங்கியது. அச்சில் இருந்த கைப்பக்குவம் அன்றே போய்விட்டது. வண்ண அச்சில் வெள்ளியே மிஞ்சாது, சாயம் மட்டும்தான். 1970களின் வண்ணப்படங்கள் பல, நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறியதால், இன்று செம்மை படர்ந்து நிற்கின்றன. அதே வீட்டில் அதற்கு முப்பது ஆண்டு மூத்த கறுப்பு வெள்ளைப் படம் தெளிவாக இருப்பதைக் காணலாம். செய்முறையின் வேறுபாடு இதைவிடத் துலக்கமாக வேறெங்கும் தெரிவதில்லை. ஆனால் கறுப்பு வெள்ளையும் தானாகவே நிலைப்பதில்லை. ஹைப்போ போகும்வரை நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் அலசாமல் அவசரத்தில் எடுத்த அச்சு, சில ஆண்டுகளில் பழுப்பேறிவிடும்.

மின்னணு அச்சு ஒரே நாளில் வந்ததல்ல. தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. அவர்கள் தந்தை மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் வீட்டின் கீழ்த்தளத்தில் இருட்டறை வைத்திருந்தவர். அந்த மென்பொருளில் ஓர் இடத்தை வெளுப்பாக்கும் கருவிக்குக் கம்பியில் செருகிய அட்டையும், கருப்பாக்கும் கருவிக்குக் குவித்த கையும் சின்னங்களாக இன்றும் இருக்கின்றன. 1991இல் பாடகர் கிரஹாம் நாஷ் கலிபோர்னியாவில் தொடங்கிய அச்சகம், அச்சுத்தொழிலில் மாதிரி பார்க்கப் பயன்பட்ட ஐரிஸ் இங்க்ஜெட் இயந்திரத்தைக் கலைப்படம் அச்சிட எடுத்தாண்டது. தொடக்கத்தில் அதன் மை விரைவில் வெளிறியது. 2000ஐ ஒட்டி நிறமித்துகள் மை வந்த பிறகு, நல்ல காகிதத்தில் நூறாண்டுக்கு மேல் நிற்கும் என்று சோதனைக் கணிப்புகள் சொல்கின்றன. இன்னொரு பக்கம் 1990களின் இறுதியில் லேப்களுக்கு வந்த இயந்திரங்கள் கணினிக் கோப்பை லேசர் ஒளியால் வெள்ளிக் காகிதத்தில் பதித்து, வழக்கமான மருந்திலேயே கழுவின. டிஜிட்டல் பிரிண்ட் என்று கையில் வாங்கிய படங்களில் பல, டால்போட்டின் வழிவந்த வெள்ளிக் காகிதத்தில் பதிந்தவையே. பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்தியாவோ சல்காடோ 2008இல் டிஜிட்டல் கேமராவுக்கு மாறினார். கோப்புகளிலிருந்து பிலிம் நெகடிவ் செய்து, இருட்டறையில் அச்சிடவைத்தார்.

ஆகவே பொய், மெய் என்ற அளவுகோல் இரு முறைகளையும் பிரிக்காது. பிரிப்பது முடிவெடுக்கும் இடம். இருட்டறையில் ஒவ்வொரு அச்சிலும் முடிவு புதிதாக எடுக்கப்படுகிறது. தவறினால் காகிதமும் நேரமும் போகும். கணினியில் முடிவு கோப்பில் ஒருமுறை எழுதப்படுகிறது. நூறாவது அச்சும் முதல் அச்சும் ஒன்றே, பத்து நாள் கழித்துத் திரும்பிப்போய் மாற்றவும் முடியும். நுணுக்கமாகத் திருத்துவதற்குக் கணினி மேலானது, அதில் ஐயமில்லை. ஒரு கைக்கும் ஒரு காகிதத்துக்கும் இடையே அந்த ஒரு முறை மட்டும் நடந்தது என்ற தன்மை இருட்டறை அச்சுக்கு மட்டும் உரியது. கோடாக் 2005இல் கறுப்பு வெள்ளைக் காகிதத்தை நிறுத்தியது. இங்கிலாந்தின் இல்ஃபோர்ட் காகிதம் இன்னும் வருவதால் அந்த வேலை சிறிய அளவில் தொடர்கிறது.

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய நெகடிவ்களில் பெருமளவு இன்று இல்லை. பல, வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்களிடம் எடைக்குப் போயின. மிஞ்சியவற்றைத் தேடி, 1880 முதல் 1980 வரையிலான ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்னணுப் பிரதிகளாக்கியது. டச்சிங் செய்த ஒரு கண்ணாடித் தகட்டை இப்படிப் பிரதி எடுத்துத் திரையில் பெரிதாக்கினால், அந்தக் காலத்தில் வாடிக்கையாளர் வாங்கிப்போன அச்சில் தெரியாத ஒன்று தெரியும்: கன்னத்தின் மேல் நெருக்கமாக இழுத்த பென்சில் கோடுகள்.