கரப்பான் (அடோபிக் எக்ஸிமா)

ஊர்வழக்கில் கரப்பான் என்றும் மருத்துவரின் சீட்டில் அடோபிக் எக்ஸிமா, அடோபிக் டெர்மடைட்டிஸ் என்றும் குறிக்கப்படுவது, விட்டு விட்டு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் தோல் அழற்சி நோய். தீராத அரிப்பு, வறண்ட தோல், சிறு தூண்டலுக்கும் சீறி எழும் கூச்சம் ஆகிய மூன்றும் இதில் சேர்ந்தே இருக்கும். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்குகிறது. கைக்குழந்தைகளுக்குக் கன்னத்திலும் நெற்றியிலும், வளர்ந்த பிள்ளைகளுக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும், பெரியவர்களுக்குக் கழுத்து, கண்ணிமை, கைகளிலும் அதிகம் காணப்படும். வளம் மிக்க நாடுகளில் குழந்தைகளில் ஐந்தில் ஒருவர் வரைக்கும் பெரியவர்களில் பத்தில் ஒருவர் வரைக்கும் இது உண்டு. ஆஸ்துமாவும் ஒவ்வாமைத் தும்மலும் உள்ள குடும்பங்களில் கூடுதலாக வரும். தொட்டால் ஒட்டாது. கரப்பான் என்ற பெயர் தமிழில் வேறு பல தோல் நோய்களுக்கும் பொதுவாக வழங்குகிறது. இக்கட்டுரை அடோபிக் வகையை மட்டுமே பேசுகிறது.

அரிப்பு

நோயின் மையம் தடிப்பு அல்ல, அரிப்பு. பல நேரங்களில் தோல் பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும்போதே அரிக்கத் தொடங்கி, சொறிந்த பின்தான் தடிப்பு வெளிப்படும். சொறியத் தூண்டும் விரும்பத்தகாத உணர்வே அரிப்பு என்று ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் 1660இல் எழுதிய விளக்கத்தை இன்றும் பாடநூல்கள் மாற்றவில்லை. அரிப்பு என்பது வலியின் மெலிந்த வடிவம்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1997இல் ஜெர்மனியில் மார்ட்டின் ஷ்மெல்ஸ் குழுவினர், ஒவ்வாமையின்போது உடல் சுரக்கும் ஹிஸ்டமினுக்கு மட்டும் துடிக்கும் மெல்லிய நரம்பிழைகளை மனிதத் தோலில் கண்டறிந்ததும், 2007இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆய்வாளர்கள் தண்டுவடத்தில் அரிப்புக்கென்றே செயல்படும் ஓர் ஏற்பியை எலிகளிடம் கண்டறிந்ததும் அந்த நம்பிக்கையைத் தளர்த்தின.

கரப்பானில் ஹிஸ்டமினுக்குப் பங்கு குறைவு. நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின் 4, 13, 31 ஆகியவை நரம்புகளை நேரடியாகத் தூண்டியும் கூர்மையாக்கியும் விடுகின்றன. மருந்துக்கடையில் அரிப்புக்கு என்று கேட்டதும் எடுத்துத் தரப்படும், ஹிஸ்டமினைத் தடுக்கும் அலர்ஜி மாத்திரை, கொசுக்கடிக்கும் காணாக்கடிக்கும் கேட்பது போல் இந்த அரிப்புக்குக் கேட்காததன் காரணம் இதுவே. பழைய வகை மாத்திரை தூங்க வைக்கும், அரிப்பை நிறுத்தாது.

கூர்மையான நரம்பு இயல்பான தொடுகையையும் அரிப்பாகவே வாசிக்கிறது. சட்டைக் காலரின் உட்புறம் தைத்த லேபிள், கம்பளி, ஜரிகையின் முனை, கழுத்தில் ஒட்டிய முடி, வியர்வை காயும்போது படியும் உப்பு என மற்றவர்கள் கவனிக்காத எதுவும் போதும். வியர்வையிலும் விஷயம் இருக்கிறது. எல்லார் தோலிலும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சை வியர்வையில் கலக்கும் ஒரு புரதம் கரப்பான் உள்ளவர்களுக்கு ஒவ்வாமையைத் தூண்டுவதை 2013இல் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தினர் காட்டினர். குளிர்நாட்டு நூல்கள் பனிக்கால வறட்சியை முதல் எதிரியாகச் சொல்லும். சென்னையிலோ மதுரையிலோ வாழ்பவருக்குச் சித்திரை வெயிலும் மின்வெட்டும் அதைவிடப் பெரிய எதிரிகள்.

சொறிவது சுகம் தருவது பொய்யல்ல. நகம் கீறும் வலி, தண்டுவடத்தில் அரிப்புச் செய்தியைச் சற்று நேரம் அடக்குகிறது. ஆனால் கீறிய தோல் மேலும் அழற்சிப் பொருள்களைச் சுரக்க, சில நிமிடங்களில் அரிப்பு முன்னிலும் வேகமாகத் திரும்புகிறது. அதனால் “சொறியாதே” என்று சொல்வதில் பயனில்லை. வீட்டில் ஒரு நாளைக்குப் பலமுறை சொல்லப்படும் சொல்லும், குழந்தைக்குத் தன் மேல் குற்ற உணர்வை மட்டும் ஏற்றும் சொல்லும் அதுதான். நகத்தை ஒட்ட வெட்டுவது, ஈரத்துணியை வைப்பது, அரிக்கும் இடத்தை உள்ளங்கையால் அழுத்துவது போன்றவை ஓரளவு கைகொடுக்கும். நெடுநாள் சொறிந்தவரின் விரல் நகங்கள் மெருகேற்றியது போல் பளபளக்கும். புருவத்தின் வெளிமுனை தேய்ந்திருக்கும். அனுபவமுள்ள மருத்துவர் நோயாளி வாய் திறக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுவார்.

இரவில் நிலைமை மோசமாகும். அழற்சியை அடக்கும் கார்ட்டிசாலின் சுரப்பு இரவில் தணிகிறது, தோலின் வெப்பம் ஏறுகிறது, தோல் வழியே நீர் வெளியேறுவதும் கூடுகிறது. கவனத்தைத் திருப்ப வேறு வேலையும் இல்லை. போர்வையில் ரத்தப் புள்ளிகளும், வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையும், இரவெல்லாம் கை பிடித்தே விழித்திருந்த தாயும் இந்த நோயின் பகுதிகள்தாம். பெரியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுவதில் தூக்கக் கேட்டின் பங்கு பெரிது.

காரணம்

தோலின் மேலடுக்கு, செல்களைச் செங்கல்லாகவும் இடையிலுள்ள கொழுப்பைச் சாந்தாகவும் கொண்ட சுவர். அந்தச் செங்கல்லுக்கு வலுவும் ஈரமும் தரும் புரதம் ஃபிலாக்ரின். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர், இப்புரதத்துக்கான மரபணுவில் உள்ள பிழைகள் கரப்பானுக்கு வலுவான காரணி என்று 2006இல் நிறுவினர். அதுவரை ஒவ்வாமை தோலைக் கெடுக்கிறது என்றே பெரும்பாலும் பேசப்பட்டது. பழுதான தோல் வழியே நுழையும் பொருள்கள்தாம் ஒவ்வாமையை வளர்க்கின்றன என்ற எதிர்த்திசைப் பார்வை அதன்பின் வலுப்பெற்றது. இப்பிழை உள்ளவர்களின் உள்ளங்கையில் ரேகைகள் வழக்கத்தைவிட ஆழமாகவும் அடர்த்தியாகவும் ஓடும் (கைரேகை சோதிடர் வேறு பலன் சொல்லக்கூடும்). பிழை உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. நோய் உள்ள எல்லாரிடமும் பிழையும் இல்லை.

வெடித்த தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா எளிதில் குடியேறும். அது சீழ் பிடிக்க வைப்பதோடு நிற்பதில்லை. அது சுரக்கும் ஒரு நொதி நரம்பை நேரே தூண்டி அரிப்பை உண்டாக்குவதை 2023இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் எலிகளிடம் காட்டினர்.

வரலாறு

ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உடலில் அரிப்பாலும், குளியலில் உடலைச் சுரண்டும் கருவியை ஓயாமல் பயன்படுத்தியதாலும் காய்த்துப்போன திட்டுகள் இருந்தன என்று சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அது கரப்பானாக இருக்கலாம் என்பது பிற்கால ஊகம். குளியல் தொட்டியிலேயே அமர்ந்து எழுதி, 1793இல் அங்கேயே கொல்லப்பட்ட பிரெஞ்சுப் புரட்சிக்காரர் மாராவின் தோல் நோய்க்கும் இப்படிப் பல பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன, எதுவும் உறுதியில்லை.

நோயைக் குடும்ப ஆஸ்துமாவோடு இணைத்துத் தெளிவாக விவரித்தவர் பாரிஸ் மருத்துவர் எர்னெஸ்ட் பெஸ்னியே (1892). ஒவ்வாமைக்கு ஆளாகும் பரம்பரை இயல்பைக் குறிக்கும் அடோபி என்ற சொல் 1923இல் வந்தது. அமெரிக்கர்களான ஃபிரெட் வைசும் மேரியன் சல்ஸ்பெர்கரும் 1933இல் இன்றைய பெயரை இட்டனர். அதே சல்ஸ்பெர்கர் 1952இல் விக்டர் விட்டனுடன் சேர்ந்து, ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை மேற்பூச்சாகத் தடவினால் நோய் தணிவதை அறிவித்தார். பெயரிட்டவரே பயனுள்ள மருந்தையும் கொண்டுவந்தது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதல்ல.

அடையாளம் காணுதல்

இரத்தப் பரிசோதனை எதுவும் இதை உறுதிசெய்யாது. 1980இல் ஹானிஃபினும் ராய்காவும் வகுத்த குறிகளும், பின்னர் பிரிட்டனில் சுருக்கப்பட்ட வடிவமும் பயன்படுகின்றன. பாடநூல் படங்களில் உள்ள செந்நிறத் தடிப்பைக் கறுத்த, மாநிறத் தோலில் தேடினால் கிடைக்காது. அங்கே அது ஊதாவாகவோ சாம்பல் பூத்த கருமையாகவோ, மயிர்க்கால்களைச் சுற்றிய சிறு பருக்களாகவோ தெரியும். ஆறிய பின் வெளுத்த அல்லது கறுத்த திட்டுகள் மாதக்கணக்கில் தங்கும். செந்நிறம் தெரியாததால் நோயின் கடுமை குறைத்து மதிக்கப்படுகிறது.

நம் ஊரில் குழப்பம் வருவது சிரங்கோடும் படர்தாமரையோடும். வீட்டில் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் இரவில் சொறிந்தால், விரலிடுக்கில் பருக்கள் இருந்தால், முதலில் சிரங்கைத்தான் நினைக்க வேண்டும். அதற்கு மருந்து வேறு.

சிகிச்சையும் அன்றாடமும்

முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. நன்றாகக் கட்டுக்குள் வைக்க முடியும். அடித்தளம் ஈரப்பதமூட்டும் களிம்பு. எது சிறந்தது என்ற கேள்விக்கு பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 550 குழந்தைகளிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வு விடை தந்தது: லோஷன், கிரீம், ஜெல், ஆயின்மென்ட் நான்குக்கும் பலனில் வேறுபாடு இல்லை. விலையைவிட அளவே முக்கியம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், குழந்தைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை சொல்கிறது. நம் வீடுகளில் 100 கிராம் குழாயை இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, பலனில்லை என்று பிராண்டை மாற்றுகிறார்கள். குளித்து ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காயும் முன் தடவ வேண்டும். பிலிப்பைன்ஸில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில் தூய தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைக் குலைக்கிறது. விலை கூடியது என்பதற்காகக் குழந்தைக்குத் தேய்க்க வேண்டியதில்லை.

பணம் செலவழியும் மற்றவற்றையும் பிரிட்டனில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். வீட்டில் நீர் மென்மையாக்கி பொருத்துவது (2011), பட்டு உள்ளாடை (2017), குளிக்கும் நீரில் கலக்கும் எண்ணெய் (2018) ஆகிய மூன்றும் வழக்கமான சிகிச்சைக்கு மேல் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. பிறந்ததிலிருந்து தினமும் களிம்பு தடவினால் நோய் வராமல் தடுக்கலாம் என்ற நம்பிக்கையும் 1,394 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் (2020) பொய்த்தது. இந்தச் சலிப்பூட்டும் முடிவுகள் குடும்பங்களுக்குப் பெரிய உதவி என்றே சொல்ல வேண்டும். வாங்காமல் விட்டதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை.

நோய் சீறும்போது ஸ்டீராய்டு மேற்பூச்சு தேவை. சுட்டுவிரல் நுனிக்கணு நீளத்துக்குப் பிதுக்கிய களிம்பு சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். இந்த மருந்தைப் பற்றி இரு எதிரெதிர்த் தவறுகள் உண்டு. ஒன்று பயம். ஜப்பானில் 1990களில் ஸ்டீராய்டு அச்சம் பரவி, நோயாளிகள் மருந்தை நிறுத்திவிட்டு மாற்று வைத்தியக் கடைகளை நாடினர். மற்றொன்று இந்தியாவின் நோய். வீரிய ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பைச் சீட்டின்றி வாங்கி, முகப்பொலிவுக்கும் படர்தாமரைக்கும் கரப்பானுக்கும் ஒன்றாகவே பூசுவது. தோல் மெலிந்து, நிறுத்தினால் எரிந்து, படர்தாமரை உருமாறிப் பரவுகிறது. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளைச் சீட்டு கட்டாயமான எச் அட்டவணையில் சேர்த்தது. விதி இருக்கிறது, கடைக்காரர் கேட்பதுதான் அரிது.

முகத்துக்கும் இமைக்கும் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் உதவும். 1984இல் ஜப்பானின் ட்சுகுபா மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்த இம்மருந்து, உறுப்பு மாற்றுக்குப் பயன்பட்டு, 1999இல் அங்கேயே களிம்பானது. கடுமையான நோய்க்கு புற ஊதாக் கதிர், சைக்ளோஸ்போரின், 2017இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற டூபிலுமாப் ஊசி, ஜாக் நொதிகளைத் தடுக்கும் மாத்திரைகள், ஜப்பானில் 2022இல் ஒப்புதல் பெற்ற நெமோலிசுமாப் ஆகியவை வந்துள்ளன. கடைசியாகச் சொன்னது இன்டர்லூக்கின் 31இன் ஏற்பியை அடைப்பது, அதாவது அரிப்பையே குறிவைப்பது.

உணவு பற்றிய கட்டுப்பாடுகள் பெரும்பாலும் மிகை. கத்தரிக்காய், கருவாடு, இறால், முட்டை, பால் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, எடை ஏறாத குழந்தையோடு மருத்துவரிடம் வருபவர்கள் உண்டு. குறிப்பிட்ட உணவை உண்ட உடனே முகம் வீங்குவது, வாந்தி எடுப்பது போன்றவை தெரிந்தால்தான் அந்த உணவைச் சோதிக்க வேண்டும். லண்டனில் 2015இல் வெளியான லீப் ஆய்வு, கடுமையான கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள சிசுக்களுக்கு வேர்க்கடலை உணவைத் தவிர்ப்பதைவிட முதல் ஆண்டிலேயே கொடுக்கத் தொடங்குவதே கடலை ஒவ்வாமையைத் தடுக்கிறது என்று காட்டியது.

காய்ச்சலோடு, ஒரே அளவில் நடுக்குழி விழுந்த கொப்புளங்கள் திடீரெனப் பரவினால் அது ஹெர்பிஸ் தொற்று. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணருகே என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

வளர்ந்த பின்

பலருக்குப் பள்ளி வயதில் நோய் தணிகிறது. ஆனால் தோலின் இயல்பு மாறுவதில்லை. பெண் பார்க்க வரும் இடத்தில் கழுத்துத் திட்டை மறைக்கச் சொல்வதும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போவதும் வளர்ந்தவர்களின் புகார்கள். தொழில் தேர்வில் இதைக் கணக்கில் எடுப்பவர்கள் குறைவு. சிறுவயதில் கரப்பான் இருந்தவருக்குக் கை எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம். நாளெல்லாம் கை நனையும் வேலைகளான செவிலியர் பணி, முடிதிருத்தகம், சமையல்கூடம், பாத்திரம் துலக்குதல், ஈர சிமென்டைத் தொடும் கட்டட வேலை ஆகியவற்றில் சேர்ந்தவர்களுக்கு, பல ஆண்டு ஓய்ந்திருந்த நோய் சில மாதங்களில் விரலிடுக்கில் திரும்புவதுண்டு. அவர்கள் ரப்பர் கையுறையை நேரே மாட்டக் கூடாது. உள்ளே பருத்திக் கையுறை போட்டு, அது வியர்வையில் நனைந்ததும் மாற்ற வேண்டும்.